கம்பிக்கு நடுவுல ஜல்லி இறங்குமா? டிசைன் என்ஜினியர்களுக்குக் கேள்வி பதில்

மதுரையில் ஸ்ட்ரக்சுரல் டிசைன் பண்றேன். இளம் என்ஜினியர்கள் கேட்டதும் என் பதில்களும்.

கேள்வி (திருநகர்): அண்ணே, லோடு, கம்பி எல்லாத்தையும் சாப்ட்வேரே சொல்லிடுது. டிசைன் ஆபீஸ்ல இருக்கிறவனுக்கு சைட் அனுபவம் எதுக்கு?

பதில்: தம்பி, நான் போட்ட படத்தையே சொல்றேன். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வீடு. 230 மி.மீ. அகல பீம், பில்லருக்கு மேலே 20 மி.மீ. கம்பி 5. கணக்கு சரி. சென்ட்ரிங் பிரிச்சதும் பில்லர் ஓரத்துல தேன்கூடு மாதிரி கான்கிரீட் இறங்காத பொந்து, விரலை விட்டா கம்பி தட்டுது. மேஸ்திரியைத்தான் திட்ட வாயெடுத்தேன். கம்பி கட்டுறவர் ஒண்ணும் பேசாம, இன்னும் கான்கிரீட் போடாத பீம்ல டேப்பை வச்சுக் காட்டினார். ரெண்டு பக்கமும் கவர் (கம்பியை மூடுற கான்கிரீட்) 25, கம்பிகளைச் சுத்திக் கட்டுற ரிங் 8 போக உள்ளே 164. அஞ்சு கம்பிக்கே 100 போயிருச்சு. மிச்சம் 64, நாலு இடைவெளி, ஆளுக்கு 16 மி.மீ. 20 மி.மீ. ஜல்லி எப்படி இறங்கும்? ஜல்லியை விட 5 மி.மீ. கூடுதலா இடைவெளி வேணும்னு ஐ.எஸ். 456ங்கிற இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பு சொல்லுது. நான் கவனிக்கலை, தப்பு என்னோடது. மேலே 3, கீழே 2ன்னு ரெண்டு வரிசையா மாத்தினோம். இடைவெளி 52 ஆச்சு, கான்கிரீட்டை அதிர வச்சு இறுக்குற 40 மி.மீ. வைப்ரேட்டர் ஊசியும் தாராளமா இறங்குச்சு. ரெண்டாவது வரிசையால பீமோட பயன்படும் ஆழம் (அமுங்குற ஓரத்துல இருந்து கம்பிகளோட மையம் வரைக்கும்) குறையும், அதனால கணக்கைத் திரும்பப் போட்டுக்கங்க.

கேள்வி (மேலூர்): அந்த இடைவெளியை ஆபீஸ்லயே செக் பண்ணலாமே சார்?

பதில்: பண்ணலாம், பண்ணியே ஆகணும். ஆனா கம்பி 12 மீட்டர்லதான் வருது. ஒரு கம்பியோட இன்னொண்ணைப் பக்கத்துல வச்சு நீட்டுற லேப் விழுற இடத்துல அஞ்சு கம்பி பத்தாயிரும். எம்25 தரக் கான்கிரீட்ல 20 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் நீளத்துக்கு அந்த நெருக்கடி. லேப் எங்கேன்னு படத்துல எழுதலைன்னா, கம்பி கட்டுறவர் கைக்குத் தோதான இடத்துல விழும்.

கேள்வி (திருப்பரங்குன்றம், பெண் என்ஜினியர்): சைட்ல ஏதாவது கேட்டா மேஸ்திரிமார் மதிப்பாங்களான்னு தயக்கமா இருக்கு.

பதில்: கான்கிரீட் போடுறதுக்கு முந்தின நாள் போங்கம்மா. மிக்சர் ஓடுறப்ப யாருக்கும் பேச நேரமிருக்காது. "இந்தப் படத்துல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?"ன்னு கம்பி கட்டுறவரைக் கேளுங்க. இப்படிக் கேட்டு முகம் சுளிச்சவரை நான் பார்த்ததில்லை. ரிங் கொக்கியை 135 டிகிரி வளைக்கணும்னு எழுதுறோமே, பீமும் பில்லரும் சேர்ற நெருக்கமான ஜாயின்ட்ல ஒண்ணை நீங்களே மாட்டிப் பாருங்க.

கேள்வி (அவனியாபுரம்): எத்தனை வருஷம் சைட்ல இருக்கணும்?

பதில்: வானம் தோண்டுறதுல இருந்து மேல்தளம் சென்ட்ரிங் பிரிக்கிற வரைக்கும் ஒரு கட்டடம், முழுசா.

கேள்வி (திருமங்கலம்): மண் பரிசோதனை ரிப்போர்ட் இருக்கு. இடத்தையும் போய்ப் பார்க்கணுமா?

பதில்: அவசியம். உங்க பக்கம் கரிசல். மண் எவ்வளவு உப்பும்னு ரிப்போர்ட்ல ஒரு எண்தான் இருக்கும். சித்திரையில கை நுழையிற வெடிப்பையும், ஐப்பசி மழையில அது மூடிக்கிறதையும் கண்ணால பாருங்க. பக்கத்து வீட்டுல ஜன்னல் மூலையிலிருந்து சாய்வா விரிசல் ஓடுதா? அஸ்திவாரம் எத்தனை அடி, விரிசல் எந்த மாசம் அகலமாகுதுன்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டு எழுதிக்கிட்டு வந்து, அதுக்கப்புறம் அஸ்திவார ஆழத்தை முடிவு பண்ணுங்க.