சொந்தப் பங்கை விற்ற 15,000 எங்கே போகும்?

தம்பி, விடை ஏன் பொருந்தவில்லை என்று நீங்கள் கேட்ட அந்த வெளிநாட்டு மாதிரி வினாவில், கம்பனி தன் 1,000 சொந்தப் பங்குகளைத் தலா 50 ரூபாவுக்கு வாங்கி 65க்கு விற்றதில் மிஞ்சிய 15,000ஐ இலாபமாகக் காட்டியதால்தான் விடை இடிக்கிறது. கம்பனி தன் பங்குதாரரிடமே இலாபம் பார்க்க முடியாது. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 32 சொல்வதும் அதுதான். வாங்கும்போது திறைசேரிப் பங்கு (கம்பனி திரும்ப வாங்கி வைத்திருக்கும் தன் பங்கு) வரவு (debit) 50,000, காசு செலவு (credit) 50,000. அது சொத்தில்லை, உரிமையாண்மையில் (பங்குதாரரின் உரித்து, equity) கழிவு. விற்கும்போது காசு வரவு 65,000, திறைசேரிப் பங்கு செலவு 50,000, மிச்சம் உரிமையாண்மைக்குள்ளேயே நிற்கும்.

அப்புறம், வெள்ளவத்தை வகுப்பு முடிந்து இரவில் சென்னை வீடியோ பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். கவனம்! அங்கே ‘வரவு’ என்றால் credit, அதாவது நம்முடைய ‘செலவு’. நானும் ஒருமுறை முழுக் கேள்வியையும் தலைகீழாக எழுதியிருக்கிறேன். முகப்பெறுமதி (பங்கில் குறித்த விலை), பிரீமியம் (அதற்கு மேல் பெறும் தொகை) என்று அவர்கள் பிரிப்பதும் இங்கே வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தோடு அது போய்விட்டது, பங்கு வெளியிட்டுப் பெறுவது எல்லாம் கூறப்பட்ட மூலதனம்தான் (stated capital).