பரணிலிருந்து இறங்கிய போல் சா: மழைக்கு முன் சில கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதுதான் சென்னையில் பலருக்கும் வீட்டு மரத்தின் கிளைகள் கண்ணில் படும். பரணில் கிடந்த போல் சாவை இறக்குவார்கள். அது ஓட மறுக்கும். நீளும் கம்பின் நுனியில் செயின் ரம்பம் வைத்த இந்த மெஷினை, 2016 டிசம்பரில் வர்தா புயல் ஓய்ந்த கையோடு வாங்கினேன். அன்று முதல் நானேதான் பிரித்துப் பார்த்துச் சரி செய்கிறேன். கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நங்கநல்லூர்: அண்ணா, சோக் போட்டு இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அணைந்துவிடுகிறது. போன வருஷம் நன்றாகத்தான் ஓடியது. இன்ஜின் போய்விட்டதா?

இன்ஜின் போயிருக்காது தம்பி. டேங்கில் போன வருஷத்துப் பெட்ரோல் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. மாதக்கணக்கில் கிடந்தால் நீர் அடியில் தங்கும், பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும், உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரமும் விறைத்துப்போகும்.

பழையதைக் கொட்டிவிட்டுப் புதுப் பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றுங்கள். மெஷினோடு வந்த புத்தகத்தில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில், 25:1 என்றால் 40 மி.லி. அப்புறம் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். அப்போது நன்றாக ஓடினால் மூடியில் இருக்கும் காற்றுத் துளைதான் அடைத்திருக்கிறது. இல்லையென்றால் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர், ஏர் ஃபில்டர், சைலன்சர் வாயிலில் கரி பிடித்த சல்லடை என்ற வரிசையில் போங்கள். கார்புரேட்டரில் கடைசியாகக் கை வையுங்கள். எடுத்த எடுப்பில் அதன் ஸ்க்ரூக்களைத் திருப்பிவிட்டு என்னிடம் கொண்டு வருபவர்கள்தான் அதிகம். அந்த செட்டிங்கைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு.

அதே அன்பர்: எல்லாம் செய்தேன் அண்ணா. டேங்க் ஃபில்டர் கறுப்பாக இருந்தது, மாற்றியதும் ஓடுகிறது!

ரொம்ப மகிழ்ச்சி. வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள்.

மடிப்பாக்கம்: புது செயின் மாட்டினேன் சார். முருங்கைக் கிளையைக்கூட அறுக்காமல் புகைதான் வருகிறது.

தலைகீழாக மாட்டியிருப்பீர்கள். பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் தகட்டின், மேல் பக்கத்தில் பற்களின் கூர்முனை பாரின் நுனியைப் பார்த்து இருக்க வேண்டும். திசை சரியாக இருந்தும் புகைந்தால் செயின் ஆயில் இறங்குகிறதா பாருங்கள்: ஓடவிட்டு ஓர் அட்டைக்கு நேராகப் பிடித்தால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். பழைய செயின் வைத்திருப்பவர்களுக்கு: துருவலுக்குப் பதில் மாவு போல் தூள் கொட்டினால் முனை மழுங்கிவிட்டது. 3/8 லோ ப்ரொஃபைல் என்ற அளவுச் செயினுக்கு 4 மி.மீ. உருண்டை அரம் வேண்டும். இரண்டு பக்கப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள், இல்லையென்றால் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போகும்.

பெசன்ட் நகர்: கம்பு நீளவே மாட்டேன் என்கிறது. கிரீஸ் தடவலாமா?

வெளிக்குழாயில் கிரீஸ் வேண்டாம்மா, மணல் ஒட்டிக்கொண்டு இன்னும் இறுகும். கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாகப் படியும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் சிலிகான் ஸ்ப்ரே அடித்து, மெல்லத் திருகித் திருகி இழுங்கள். சுத்தியலால் தட்டவே கூடாது. குழாய் நசுங்கினால் உள்ளே சுழலும் ஷாஃப்ட்டும் உரசும்.

அம்பத்தூர்: ஆக்சிலரேட்டரிலிருந்து கையை எடுத்த பிறகும் செயின் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சரியாகும்வரை வெட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் கிளட்ச் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், மாற்றித்தான் ஆக வேண்டும்.

மயிலாப்பூர்: வேப்பங்கிளை ஒன்று தெரு மின்கம்பியை உரசுகிறது. மெஷின் நன்றாக ஓடுகிறது, கம்பும் எட்டுகிறது. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வெட்டலாமா மாமா?

வேண்டாம் கண்ணா, தயவுசெய்து வேண்டாம். அந்தக் கம்பு மின்சாரத்தைத் தடுக்காது. அலுமினியம் நேராகவே கடத்தும். ஃபைபர் கம்புக்குள்ளும் ஷாஃப்ட் இரும்புதான். பச்சைக் கிளையே ஈரம், அதன் வழியாகவும் மின்சாரம் இறங்கும். மின்கம்பியிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு. மயிலாப்பூர்ச் சந்தில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? செருப்பை நம்பாதே. மின்வாரியத்தில் புகார் கொடு. அவர்கள் சப்ளையை நிறுத்திவிட்டுக் கிளையை எடுக்கட்டும். தாமதமானால் திரும்பத் திரும்பப் போன் செய். அதுவரை மாடியில் அந்தப் பக்கம் துணி காயப்போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடு.