பை வீக்குக்கு எத்தனை புள்ளி, சொந்த மைதானத்துக்கு எத்தனை?

கேள்வி: மகன் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் படிக்கிறான். அவனால் எங்களுக்கும் காலேஜ் ஃபுட்பால் (கல்லூரி அணிகள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்) ஆர்வம் தொற்றிக்கொண்டது. சொந்தக்காரர்கள் சேர்ந்து வாராவாரம் எந்த அணி ஜெயிக்கும், எத்தனை புள்ளி வித்தியாசத்தில் என்று எழுதி வைக்கிறோம். பரம எதிரிகள் மோதும் ரைவல்ரி ஆட்டங்களில்தான் கணக்கு தப்புகிறது. முந்தைய வாரம் ஆட்டமில்லாமல் (பை வீக்) ஓய்வெடுத்த அணிக்கு எத்தனை புள்ளி கூட்டலாம்? சொந்த மைதானத்துக்கு எத்தனை?

பதில்: சொந்த மைதானத்துக்கு 2 முதல் 3 புள்ளி. பை வீக்குக்கு அதிகபட்சம் 1 புள்ளி, அதுவும் ஒரு அணி மட்டும் ஓய்வெடுத்திருந்தால். இரண்டுமே ஓய்வெடுத்திருந்தால் பூஜ்யம். ஆட்டம் பொது மைதானத்தில் நடந்தால் மைதானத்துக்கும் பூஜ்யம்.

கூட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: எந்த எண்ணில் தொடங்குகிறீர்கள்? பந்தய நிறுவனங்கள் வெளியிடும் 'ஸ்ப்ரெட்' எண்ணில் (எந்த அணி எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்ற கணிப்பு) மைதானம், ஓய்வு, காயம் எல்லாம் ஏற்கெனவே அடங்கியிருக்கும். ஈ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனலின் எஃப்.பி.ஐ. என்ற ஆட்டக் கணிப்பிலும் மைதானம், பயணத் தூரம், ஓய்வு நாட்கள் எல்லாம் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். அதன்மேல் நீங்கள் இன்னொரு 3 புள்ளியைப் போட்டால் ஒரே விஷயத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். கணக்கு தப்புவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரு அணிகளின் பலத்தை மட்டும் சொல்லும் தரமதிப்பீட்டு எண்ணிலிருந்து தொடங்கினால்தான் மேலே சொன்ன புள்ளிகளைக் கூட்ட வேண்டும்.

பை வீக்குக்கு ஏன் ஒரே புள்ளி? ஓய்வு வாரத்தில் பயிற்சி இரட்டிப்பாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை. சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய விடுப்பு என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி. பை வீக்கும் இதற்குள்தான் வரும். அந்த வாரத்தின் முதல் பாதியில் வழக்கமாகச் சொந்தத் தவறுகளை அலசுவார்கள், இளம் வீரர்களுக்கு வாய்ப்புக் கொடுப்பார்கள். கடைசி நாட்களில் பயிற்சியாளர்கள் பள்ளி வீரர்களைப் பார்க்க வெளியூர் கிளம்பிவிடுவார்கள். எதிரணிக்கென்றே கூடுதலாகக் கிடைப்பது இரண்டு மூன்று பயிற்சி அமர்வுகள்தான். ரைவல்ரி ஆட்டத்தில் அதற்கும் மதிப்பு குறைவு. வருஷா வருஷம் மோதும் எதிரியைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள அதிகம் இருக்காது.

நிஜமான லாபம் காயத்தில் இருக்கிறது. தொடைத்தசை இழுத்துக்கொண்டவர், கணுக்கால் பிசகியவர், தலையில் அடிபட்டவர் என எல்லோருக்கும் ஓர் ஆட்டத்தைத் தவறவிடாமல் ஏழு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது. தலைக்காயத்துக்குப் பின் களத்துக்குத் திரும்புவது படிப்படியாகத்தான், ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது ஒரு நாள். சாதாரண வாரத்தில் சனிக்கிழமை அடிபட்டவர் அடுத்த சனிக்குத் தேறுவது கடினம். பை வீக் வந்தால் வாய்ப்புண்டு. ஆகவே பந்தெறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கோ, அவரைக் காக்கும் இடது டேக்கிளோ திரும்பி வருகிறார் என்றால் முழு 1 புள்ளி கொடுங்கள். யாருமே திரும்பவில்லை என்றால் அரைப் புள்ளி போதும்.

வாரத்தை எண்ணாமல் நாட்களை எண்ணுங்கள். சனி முதல் சனி வரை 7 நாள், பை வீக் வந்தால் 14. நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வெள்ளிக்கிழமையில் ரைவல்ரி ஆட்டம் இருந்தால் முந்தைய சனி ஆடிய அணிக்கு 6 நாள்தான். வித்தியாசம் இரண்டு நாளுக்குள் என்றால் விட்டுவிடலாம். கூடவே, முந்தைய எதிரி யார் என்றும் பாருங்கள். எஸ்.இ.சி. (அலபாமா, ஆபர்ன் போன்ற தென்கிழக்கு அணிகள் ஆடும் லீக்) அணிகள் பலவும் நவம்பர் மூன்றாம் வாரம் சின்ன அணி ஒன்றை வரவழைத்து, பாதி ஆட்டத்துக்குள் முக்கிய வீரர்களை உட்கார வைத்துவிடும். அது பாதி பை வீக். எதிரணியின் ஓய்வு லாபத்தில் பாதியை அதற்காகக் கழித்துவிடுங்கள்.

ஒவ்வோர் அணிக்கும் 12 ஆட்டம். பெரும்பாலான ஆண்டுகளில் 13 வாரத்துக்குள் முடிந்துவிடுவதால் ஒரே பை வீக்தான். 2013, 2014, 2019, 2024, 2025 ஆண்டுகளில் நாட்காட்டி 14 வாரம் கொடுத்ததால் இரண்டு. அப்படிப்பட்ட ஆண்டில் இரு அணிகளும் ஓய்வோடு வரும் வாய்ப்பு கூடும்.

பை வீக்கை மிகையாக மதிப்பிடுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு 2010-இன் அலபாமாவைப் பாருங்கள். அந்த ஆண்டு எஸ்.இ.சி.யில் அலபாமாவைச் சந்தித்த எட்டு அணிகளில் ஆறு, பை வீக் முடிந்து வந்தவை. அலபாமா தோற்றது மூன்று ஆட்டம்: சவுத் கரோலைனாவிடம் 35-21, எல்.எஸ்.யு.விடம் 24-21, ஆபர்னிடம் 28-27. மூன்றுமே ஓய்வெடுத்து வந்த அணிகள்! பட்டியலை இவ்வளவோடு நிறுத்தினால் பை வீக்தான் தோற்கடித்தது என்று தோன்றும். ஆனால் அதே ஓய்வோடு வந்த ஓல் மிஸ், டென்னசி, மிசிசிப்பி ஸ்டேட் மூன்றும் பத்துக்கு மேற்பட்ட புள்ளி வித்தியாசத்தில் அடி வாங்கின. எல்.எஸ்.யு. ஆட்டத்துக்கு முன் அலபாமாவுக்கும் பை வீக்தான். ஜெயித்தவர்கள் யார்? ஆபர்ன் அந்த ஆண்டின் தேசிய சாம்பியன். சவுத் கரோலைனா கிழக்குப் பிரிவில் முதலிடம். அவர்கள் நல்ல அணிகள். ஓய்வு அதற்குமேல் ஒரு சிறு உதவி. ஆனாலும் அட்டவணை ஒரு அணிக்கு மட்டும் இப்படிச் சுமையாவது நியாயமில்லை. அலபாமா தரப்பு எழுப்பிய குறை சரியானது.

அடுத்து சொந்த மைதானம். சாதாரண ஆட்டத்தில் அந்த லாபம் பல துண்டுகளால் ஆனது: எதிரணியின் நீண்ட பயணம், நேர மண்டல மாற்றம், பழகாத தட்பவெப்பம், பழகாத மைதானம், ரசிகர் சத்தம். ரைவல்ரியில் முதல் நான்கும் கிட்டத்தட்ட உதிர்ந்துவிடும், ஏனென்றால் எதிரி பக்கத்து ஊர்க்காரர். எதிரணி ரசிகர்களும் காரிலேயே வந்து கணிசமான இருக்கைகளைப் பிடித்துவிடுவார்கள். லாஸ் ஏஞ்சலஸ் இதற்கு உச்சம். யு.சி.எல்.ஏ. 1982-இல் பாசடீனாவின் ரோஸ் பவுலுக்கு மாறியது, அது யு.சி.எல்.ஏ. வளாகத்தைவிட எதிரியான யு.எஸ்.சி.யின் வளாகத்துக்குப் பக்கம். இங்கெல்லாம் 1 புள்ளி தாராளம். மறுபக்கம் நோட்ர டேம்–யு.எஸ்.சி. மாதிரி நாட்டின் பாதியைக் கடக்க வேண்டிய ரைவல்ரி என்றால் முழு 3 கொடுக்கலாம்.

மிஞ்சுவது சத்தம். அது என்ன செய்கிறது என்று கிட்டத்தில் பாருங்கள். வெளியூர் அணி பந்தை வைத்திருக்கும்போது லட்சம் பேர் கத்தினால் குவார்ட்டர்பேக்கின் குரல் முன்வரிசையின் கடைசி வீரருக்கு எட்டாது. சைகையில் ஸ்னாப் (ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் கொடுப்பது) எடுக்க வேண்டும். டேக்கிள் பந்து நகர்வதைக் கண்ணால் பார்த்துக் கிளம்புவதால் ஒரு கணம் பிந்துவார், அல்லது முந்திக்கொண்டு ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆகி 5 யார்டு இழப்பார். 2024 முதல் ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்க அனுமதி வந்துவிட்டது. ஆனால் ஒரே வீரருக்குத்தான், ப்ளே கிளாக்கில் (அடுத்த ஸ்னாப்புக்குள் முடிய வேண்டிய நேரக் கணக்கு) 15 நொடி மிச்சமிருக்கும்போது துண்டிக்கப்படும். கடைசி நொடி மாற்றங்களைக் கையால்தான் சொல்ல வேண்டும். இரவு ஆட்டமாகவும் எதிரணியின் குவார்ட்டர்பேக் முதலாண்டு மாணவராகவும் இருந்தால் 3 பக்கம் சாயுங்கள்.

அதற்குமேல் போகாதீர்கள். அயர்ன் பவுலில், அதாவது அலபாமா–ஆபர்ன் ரைவல்ரி ஆட்டத்தில், அலபாமா தன் 'சொந்த' ஆட்டத்தை 2000-இல் பர்மிங்காமிலிருந்து டஸ்கலூசாவுக்கு மாற்றியது. அங்கே நடந்த முதல் நான்கு ஆட்டங்களையும் (2000, 2002, 2004, 2006) ஆபர்னே ஜெயித்தது. மிச்சிகன்–ஒஹாயோ ஸ்டேட் மோதலில் 2022 முதல் 2025 வரை நான்கில் மூன்றை வெளியூர் அணி வென்றிருக்கிறது.

பொது மைதானங்களில் ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைவிட டிக்கெட் எப்படிப் பிரிகிறது என்பதே முக்கியம். டெக்சஸ்–ஓக்லஹோமா ஆட்டம் டாலஸில் நடந்தாலும் அரங்கம் 50 யார்டு கோட்டில் சரிபாதியாகப் பிரியும், பூஜ்யம். ஜார்ஜியா–ஃப்ளோரிடா ஆட்டத்தின் வழக்கமான இடமான ஜாக்சன்வில் ஃப்ளோரிடாவில்தான் இருக்கிறது, டிக்கெட் பாதிப்பாதி, அதுவும் பூஜ்யம். அரங்கப் புதுப்பிப்பால் அந்த ஆட்டம் 2026-இல் அட்லாண்டாவுக்கும் 2027-இல் டாம்பாவுக்கும் போகிறது. பயணம் சுருங்கும் அணிக்கு அரைப் புள்ளி கொடுக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2013 அயர்ன் பவுல், ஆபர்னின் ஜோர்டன்-ஹேர் அரங்கம். ஆபர்னுக்கு பை வீக், அலபாமாவுக்கு முந்தைய சனி சட்டனூகாவுடன் 49-0. ஆக மைதானத்துக்கு 2.5, ஓய்வுக்கு 1-இல் பாதி கழித்து 0.5, மொத்தம் 3. கல்லூரி ஆட்டங்களில் கணிப்புக்கும் முடிவுக்கும் உள்ள வழக்கமான விலகல் ஏறத்தாழ 16 புள்ளி. அதனால் ஒரு புள்ளியின் எடை வெற்றி வாய்ப்பில் சுமார் இரண்டரை சதவீதம். 3 புள்ளி என்பது சம பலமுள்ள அணியை 50-லிருந்து 57 சதவீதத்துக்கு உயர்த்தும், அவ்வளவுதான். அந்த ஆட்டத்தில் உள்ளே போன ஓர் அலபாமா ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுப்பது) ஃபால்ஸ் ஸ்டார்ட்டால் ரத்தானது, 5 யார்டு பின்னிருந்து மறுபடி உதைத்தது தவறியது. கடைசி நொடியில் 57 யார்டு முயற்சி குறைந்து விழ, அதைப் பிடித்து ஓடி ஆபர்ன் 34-28 என்று முடித்தது. 3 புள்ளிக்குள் இப்படி ஒரு முடிவை யாரும் அடக்க முடியாது.

நடைமுறைக்கு வருவோம். எஸ்.இ.சி. ஆட்டமென்றால் 2024 முதல் வீரர் தகுதிப் பட்டியல் புதன்கிழமையே வரத் தொடங்கும், தினமும் புதுப்பிப்பார்கள், இறுதிப் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன். மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் ஆடும் பிக் டென் லீக்கில் 2023 முதல் ஆட்டத்துக்கு 2 மணி நேரம் முன். உங்கள் குழுவில் கணிப்பை எழுதி முடிக்கும் நேரத்தை அந்தப் பட்டியலுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மத்திய நேரம் பிற்பகல் 2.30-க்குத் தொடங்கும் நவம்பர் இறுதி ஆட்டம் இந்தியாவில் சனி நள்ளிரவு தாண்டி 2 மணி என்பதால், தூங்கப் போகிறவர்கள் வெள்ளி இரவுப் பட்டியலை வைத்து எழுதலாம்.