கஸ்டம் கோல்ஃப் கிளப்: அளவுச் சீட்டு கைக்கு வராம அட்வான்ஸ் குடுக்காதீங்க

காரைக்குடிலேர்ந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கார்: "மலேசியால ரொம்ப வருஷம் இருந்துட்டு ஊருக்கே வந்துட்டேன். வயசு 61, உயரம் 5 அடி 5 அங்குலம். அப்பப்ப கொடைக்கானல் போய் ஆடுவேன். கையில இருக்கிறது கோலாலம்பூர்ல அவசரத்துல வாங்கின ரெடிமேட் செட்டு. பந்து வலது பக்கமே ஓடுது, ஆடி முடிச்சா இடுப்பு வலி. சென்னைல ஒருத்தர், வீட்டுக்கே வந்து டேப் வச்சு அளந்து ஒரு மாசத்துல கஸ்டம் செட்டு குடுக்குறேன், பாதிப் பணம் முன்னாடி வேணும்ங்கிறார். மக சிங்கப்பூர்ல இருக்கா, இங்க வந்து எடுங்கப்பாங்கிறா. மச்சான் ஆன்லைன்ல பாதி விலைன்னு லிங்க் அனுப்புறார். எங்க போறது? மகனும் ஆடுறான், அவன் இடதுகைக்காரன், அவனுக்கும் இதே வழிதானா?"

அண்ணே, மொதல்ல அந்த வீட்டுக்கு வர்ற ஆளுக்கு போன் போட்டு வேணாம்னு சொல்லிருங்க. அப்புறம் சென்னையோ பெங்களூரோ, லாஞ்ச் மானிட்டர்ங்கிற, பந்து போற வேகத்தையும் போக்கையும் அளக்கிற மெஷின் வச்சு நீங்க அடிக்கிறதப் பாத்து அளவெடுக்கிற இடமாப் பாத்து, அளவுக்குன்னு தனியாப் பணம் கட்டி, அந்த அளவ எழுத்துல வாங்கிட்டு வந்துருங்க. செட்டு எங்க வாங்குறதுங்கிறத அதுக்கப்புறம் யோசிக்கலாம். அளவெடுக்கிறதும் விக்கிறதும் ஒரே மூச்சுல நடக்கிற இடத்துலதான் நம்மாளுக மாட்டிக்கிறாங்க, கிளப், அதாவது கோல்ஃப் மட்டை, கட்டுற தொழில்ல இருக்கிறதால இத நான் தினம் பாக்குறேன்.

டேப் வச்சு அளக்கிறவர் என்ன செய்வார்னு சொல்லிர்றேன். உங்கள நேரா நிக்க வச்சு மணிக்கட்டுலேர்ந்து தரை வரைக்கும் அளப்பார், உள்ளங்கையையும் நடுவிரலையும் அளப்பார், ஒரு நோட்டுல குறிச்சுக்குவார். அதுல தப்பில்ல, அளவெடுக்கிற எந்த நல்ல ஃபிட்டரும் அங்கதான் ஆரம்பிப்பான், ஆனா அது ஆரம்பம் மட்டும்தான், நீங்க அடிக்கும்போது கை எங்க இருக்கு, முதுகு எவ்வளவு குனியுதுங்கிறது அந்த டேப்புக்குத் தெரியாது. இவர் அதோட நிறுத்திட்டு கடைல ஒரு ரெடிமேட் செட்ட எடுத்து, நீங்க 5 அடி 5 தானேன்னு பிடிப் பக்கம் அரை இஞ்ச் அறுத்துட்டு, புது கிரிப் மாட்டி கஸ்டம்னு குடுத்துருவார். அரை இஞ்ச் அறுத்தா ஸ்விங் வெயிட், அதாவது வீசும்போது கிளப்போட தலை (ஹெட்டு) கைக்குக் காட்டுற கனம், சுமாரா மூணு பாயிண்ட் இறங்கிரும். டி2ல இருந்த கிளப் சி9க்கு வந்துரும், ஹெட்டு எங்க இருக்குன்னே கைக்குத் தெரியாது, நீங்க இன்னும் வேகமா வீசுவீங்க, இடுப்பு இன்னும் வலிக்கும். உயரம் கம்மின்னா கிளப்பும் குட்டையா இருக்கணும்னு ஒரு சட்டமும் கிடையாதுண்ணே, கை கொஞ்சம் குட்டையா இருந்தா 5 அடி 5 ஆளுக்கும் ஸ்டாண்டர்ட் நீளமே சரியா வரும்.

கிளம்புறதுக்கு முன்னாடி நீங்களே ஒண்ணு செஞ்சு பாருங்க. உங்க ஏழாம் நம்பர் அயன (இரும்புத் தலை கிளப்) எடுத்துக்குங்க, ஒரு பந்துல பட்டையான மார்க்கரால நேரா ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு செங்குத்தா கிளப் முகத்தப் பாத்து நிக்கிற மாதிரி வச்சு அடிங்க. மை முகத்துல ஒட்டும். ஒட்டின கோடு முகத்துல உள்ள பள்ளங்களுக்கு நேர் குறுக்கா நின்னா லை ஆங்கிள், அதாவது தரையோட கிளப் தண்டு நிக்கிற சாய்வு, சரி. கோட்டோட மேல் முனை டோ பக்கம் (முகத்தோட வெளி நுனி) சாஞ்சிருந்தா கிளப் உங்களுக்கு ரொம்ப நிமிந்து நிக்குது, பந்து இடது பக்கம் இழுக்கும். ஹீல் பக்கம் (தண்டு சேர்ற பக்கம்) சாஞ்சிருந்தா ரொம்பப் படுத்திருக்கு, வலது பக்கம் தள்ளும். நாலஞ்சு தடவ அடிச்சு ஒவ்வொண்ணையும் போன்ல படம் எடுத்து வச்சுக்குங்க. அந்தப் படத்தக் காட்டினாலே ஃபிட்டர் உங்ககிட்ட கத விடுறதக் கொறச்சுக்குவான். அயனோட பிரச்சன வெறும் லைதான்னா புது செட்டே வேணாம், பழச ஒண்ணு ரெண்டு டிகிரி வளைச்சுக் குடுத்துருவாங்க, ஃபோர்ஜ்டு (அடிச்சுச் செஞ்ச) ஹெட்டுன்னா ஈசி, காஸ்ட் (வார்த்துச் செஞ்ச) ஹெட்டுன்னா பாத்து வளைக்கணும். இத உங்களுக்கு எந்தக் கடையும் தானா சொல்லாது, சொன்னா செட்டு விக்காதே.

இப்ப இடம். போன்லயே கேளுங்க. லாஞ்ச் மானிட்டர் இருக்கா, எந்த மாதிரி? ட்ராக்மேன் மாதிரி பின்னாடி வைக்கிற ராடாரா, ஜிசிக்வாட் மாதிரி பக்கத்துல வைக்கிற கேமராவா? ரெண்டும் நல்லதுதான், கேக்குறதே அவங்ககிட்ட நெசமா மெஷின் இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான். எத்தன கம்பெனி ஹெட்டு இருக்கு, பெரியவங்களுக்குன்னு நல்லா வளையிற சீனியர் ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட்டு (தண்டு) டெமோவுல இருக்கா? அளவெடுத்துட்டு ஒண்ணும் வாங்காமப் போனா ஃபீஸ் எவ்வளவு? கடைசியா, அளவெல்லாம் பேப்பர்ல போட்டுத் தருவீங்களா? நீளம், லை, லாஃப்ட் (முகம் பின்னாடி சாயிற அளவு), ஷாஃப்ட்டோட பேர், எடை, ஃப்ளெக்ஸ், கிரிப் சைஸ், ஸ்விங் வெயிட், இதெல்லாம் அந்தப் பேப்பர்ல வரணும். சில இடத்துல வாங்கினாத்தான் பேப்பர் குடுப்போம், அது எங்க பாலிசிம்பாங்க. உங்க உடம்பு, உங்க வீச்சு, உங்க காசு, அளவு மட்டும் அவங்களுதா? அப்படிச் சொன்னா அடுத்த இடத்துக்கு போன் போடுங்க.

ஃப்ரீ ஃபிட்டிங்னு சொல்றதப் பத்தியும் ஒரு வார்த்த. ஒரு கம்பெனி டெமோ டே வைக்கும், ஆளும் கெட்டிக்காரனா இருப்பான், ஆனா அவன் வண்டில அந்தக் கம்பெனி ஹெட்டு மட்டும்தான் இருக்கும், முடிவு என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். கோச் கூட்டிட்டுப் போற கடையிலயும், தெரிஞ்சவர் அறிமுகப்படுத்துற கடையிலயும் உங்க பில்லுல அவங்களுக்கு ஒரு பங்கு போகுதான்னு வாய்விட்டுக் கேளுங்க, கேக்குறதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல. கம்பெனிகளப் பத்தியும் சொல்லணும். ஃபிட்டிங் வண்டிய டெல்லிப் பக்கமும் பெங்களூர்லயும் சுத்த விடுறாங்க, மதுர, திருச்சி, கொடைக்கானல்ல ஆடுறவன் அவங்க கணக்குலயே இல்ல, அதனாலதான் டேப்ப எடுத்துட்டு ஒருத்தர் காரைக்குடி வரைக்கும் வந்து நிக்கிறார்.

உள்ள போனதும் அடுத்த பொறி ஷாஃப்ட்டு. ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப், அதாவது விறைப்பு), சீனியர்னு எழுதியிருக்கிறதுக்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவே கிடையாது, ஒருத்தன் ஆர் இன்னொருத்தன் எஸ் மாதிரி இருக்கும். எழுத்தப் பாத்து எடுக்காம அடிச்சுப் பாத்துத்தான் எடுக்கணும். மெஷின்ல பத்து கஜம் கூடுதலா காட்டி, இந்த ஷாஃப்ட்டுக்கு மட்டும் தனி விலைம்பாங்க. அந்தப் பத்து கஜம் ஒரே ஒரு நல்ல அடியா, பத்து அடியோட சராசரியான்னு கேளுங்க. உங்க இடுப்புக்கு நான் சொல்றது, அயன்லயும் கிராஃபைட் போட்டுப் பாருங்க. ஸ்டீல் ஷாஃப்ட்டு பெரும்பாலும் 95லேர்ந்து 130 கிராம் வரைக்கும் இருக்கும், கிராஃபைட் 50லேர்ந்து 80க்குள்ள கெடைக்கும். 14 கிளப் வரைக்கும் வச்சுக்கலாம்ங்கிறது ரூல், 14ம் வாங்கணும்னு யாரும் சொல்லல, மூணாம் நம்பர் நாலாம் நம்பர் அயன் உங்களுக்கு வேணவே வேணாம், அதுக்குப் பதிலா அடிக்க ஈசியான ஹைப்ரிட் கிளப் போதும். பந்து வலது பக்கம் ஓடுறது முழுசும் கிளப்போட குத்தமா இருக்காது, அடிக்கும்போது கிளப்போட முகம் வலது பக்கம் தொறந்திருக்கும், அதுக்கு ஒரு கோச்சுகிட்ட நாலு கிளாஸ் போனா ஆகுற செலவு புது டிரைவர் (ரொம்ப தூரம் அடிக்கிற பெரிய கிளப்) விலையில பாதிகூட வராது.

சிங்கப்பூர். திருச்சிலேர்ந்து நேரா ஃப்ளைட்டு, மக வீடு இருக்கு, கடையும் ஃபிட்டரும் நெறய, டூரிஸ்டா போனா 9 சதவீத ஜிஎஸ்டிய ஏர்போர்ட்ல திரும்ப வாங்கிக்கலாம். ஒரு மாசம் தங்குற மாதிரி போறீங்கன்னா தாராளமா எடுங்க. நாலு நாள் லீவுல போய் எடுக்கிறது வேணாம், ஏன்னா கஸ்டம் ஆர்டர் வர்றதுக்கே வாரக்கணக்குல ஆகும், வந்தப்புறம் லை ஒரு டிகிரி தப்பா இருந்தா திரும்ப யார் போறது? அப்பத்தான் குருவி யோசன வரும். தெரிஞ்ச பையன் வர்றான், குடுத்து விட்டுர்லாம்னு. தயவுசெஞ்சு வேணாம்ணே. செட்டு ஏர்போர்ட்ல நின்னா பில்லு உங்க பேர்ல, சாமான் அவன் கையில, ரெண்டு பேராலயும் பதில் சொல்ல முடியாது, கிராஃபைட் ஷாஃப்ட்டு நசுங்கி வந்தாலும் கேக்க ஆள் இல்ல. நீங்களே கொண்டு வாங்க, பில்லோட சொல்லிட்டுக் கொண்டு வாங்க, எவ்வளவு வரை கஸ்டம்ஸ் வரிச் சலுக, மேல போனா எவ்வளவு கட்டணும்னு போற மாசத்துல கேட்டுட்டுக் கிளம்புங்க, அது மாறிக்கிட்டே இருக்கும். உங்க பழைய செட்ட இங்கேர்ந்து எடுத்துட்டுப் போறதா இருந்தா போகும்போதே கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்ட்டிஃபிகேட் வாங்கிருங்க. இல்லேன்னா திரும்பி வரும்போது உங்க சொந்தச் சாமானுக்கே நீங்க கணக்குச் சொல்லிக்கிட்டு கவுண்டர்ல நிக்கணும். பெரியவங்க ஆடுறதுக்கு எடுத்துட்டு வர்ற ஒரு பையப் பாத்ததும் ஏதோ நகைய மறச்சுக் கொண்டு வந்த மாதிரி கேள்வி கேக்குறது எனக்கு இன்னைக்கும் ஆத்திரமா வரும், ஆனா பேப்பர் இருந்தா அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துரலாம்.

மச்சான் லிங்க்க அழிச்சிருங்க. பேர் போன கம்பெனியோட புது மாடல் பாதி விலைக்கு வருதுன்னா அது டூப்ளிகேட்டுன்னே வச்சுக்குங்க. இந்த டூப்ளிகேட்ட ஒழிக்கிறதுக்குன்னே கேலவே, பிங், டெய்லர்மேட் மாதிரி பெரிய கம்பெனிகள்லாம் 2004லயே ஒண்ணா சேந்து ஒரு குழு வச்சிருக்காங்கன்னா எவ்வளவு ஓடுதுன்னு பாத்துக்குங்க. மெஷின்ல அடிச்ச ஓட்ட ஆத்தங்குடிக் கல்லுன்னு சொல்லி விக்கிறாங்கல்ல, அதே கததான், படத்துல பாத்தா ஒண்ணாத்தான் தெரியும். ஹோசல்ல, அதாவது தண்டு ஹெட்டுல சேர்ற கழுத்துல, சீரியல் நம்பர் இருந்தா கம்பெனிக்கு அனுப்பிக் கேளுங்க, நம்பர் இருக்கிறது மட்டும் சாட்சி இல்ல, அதையும் பொறிச்சு விக்கிறாங்க. டூப்ளிகேட்டுல ஹெட்டு எடை, லாஃப்ட்டு எதுவும் சொன்னபடி இருக்காது, அதுல கஸ்டம் அளவுக்கே பேச்சில்ல.

இப்ப மகன் விஷயம், இதக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க. இடதுகைக்காரன்னு எழுதியிருக்கீங்க, அவன் சாப்பிடுறது எழுதுறது இடது கையா, இல்ல கோல்ஃப் ஆடும்போது இடதுகை ஆளா நிக்கிறானா? ரெண்டும் ஒண்ணில்ல. அமெரிக்க கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கெல்சன் மத்த வேலையெல்லாம் வலது கைல செய்வார், ஆடுறது மட்டும் இடது பக்கம். மகன் வலது பக்கமே நின்னு ஆடுறான்னா மேல சொன்னது அப்படியே அவனுக்கும். இடது பக்கம் நிக்கிறான்னா சட்டம் வேற. நம்ம ஊர் ஃபிட்டிங் இடங்கள்ல லெஃப்ட் டெமோ ஹெட்டுன்னா ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். போறதுக்கு முன்னாடி லெஃப்ட்ல எந்த அயன், எந்த டிரைவர் இருக்குன்னு மாடல் பேரோட கேட்டு வாட்ஸப்புல எழுதி வாங்கிருங்க, இருக்கும் வாங்கங்கிற பதில நம்பி வண்டி ஏறாதீங்க. ரெண்டாவது, பக்கத்துல வைக்கிற கேமரா மெஷின்னா அவனுக்காக அத எதிர்ப்பக்கம் மாத்தி வைக்கணும், சில ரூம்ல அதுக்கு எடமே இருக்காது, செவுரு இடிக்கும், அங்க ராடார் இருக்கிற இடமாப் பாக்கணும். மூணாவது, வலது செட்டுல கை அளவு பாத்துட்டு லெஃப்ட்ல ஆர்டர் போட்டுர்லாம்னு எவனாவது சொன்னா ஒத்துக்காதீங்க, அது டேப்புக்காரர் கததான். லெஃப்ட் ஹெட்டு ஒண்ணே ஒண்ணு இருந்தாக்கூடப் போதும், அதே கம்பெனியோட கழட்டி மாட்டுற அடாப்டர் போட்ட வேற வேற டிரைவர் ஷாஃப்ட்ட அதுல மாத்தி மாத்தி மாட்டிப் பாக்கலாம். அதுவும் இல்லேன்னா அவன் இப்ப ஆடுற கிளப்ப வச்சு வேகம், லை, பந்து ஏறுற உயரம் மட்டும் அளந்துட்டு வாங்க. எல்லா மாடலும் லெஃப்ட்ல வராது, வந்தாலும் பிடிக்கலேன்னு திரும்ப விக்கப் போனா வாங்க ஆள் இருக்காது, அதனால அவனுக்கு அவசரமே கூடாது. கனடால சொந்தக்காரங்க யாராவது இருந்தா கேளுங்க, ஐஸ் ஹாக்கி பழக்கத்துல அங்க இடது பக்கம் ஆடுறவங்க ஏராளம், 2003ல மாஸ்டர்ஸ் போட்டி ஜெயிச்ச மைக் வியரும் இடது பக்கம் நின்னு ஆடுற அந்த ஊர்க்காரர்தான், கடைலயும் லெஃப்ட் ஹெட்டு தாராளமா கெடைக்கும்.

நீங்க ஆடுறது கொடைக்கானல்ல, அளவெடுக்கப் போறது அத விட ரொம்பக் கீழ, இத ஃபிட்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. கொடைக்கானல் 2,100 மீட்டர் ஒசரம், காத்து லேசு, அதே அடி கடல் மட்டத்த விட ஏழெட்டு சதவீதம் கூடுதலா போகும், வளையறதும் கொறயும். மெஷின்லயே ஒசரத்த மாத்திப் போட்டுப் பாக்கலாம், கிளப்புக்குக் கிளப் எத்தன கஜம் இடைவெளின்னு ரெண்டு கணக்கும் எழுதி வாங்கிருங்க.

சென்னைன்னா பல்லவன் ரயில்ல போங்க, ஆனா மத்தியானம் எழும்பூர்ல எறங்கி அன்னைக்கே போய் நிக்காதீங்க, உக்காந்து வந்த இடுப்போட அடிச்சா தப்பான நம்பர்தான் வரும். ராத்திரி தங்கி மறுநாள் காலைல டைம் வாங்குங்க. உங்க பழைய ஏழாம் நம்பர், டிரைவர், ஷூ, கையுறை, நீங்க ஆடுற அதே பிராண்டு பந்து அஞ்சாறு எடுத்துட்டுப் போங்க, ரேஞ்சு பந்துல அடிச்சா ஸ்பின் நம்பர நம்ப முடியாது. கை வேர்க்கிற ஆள்னா கார்டு (நூல் கலந்த) கிரிப் கேளுங்க, விரல் மூட்டு வலி இருந்தா மிட்சைஸ் (கொஞ்சம் தடிச்ச) கிரிப் பிடிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பேப்பர் கைக்கு வந்ததும் அத எனக்கு அனுப்புங்க, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி.