1795 வெள்ளி டாலரில் இணை கோடுகள்: கீறலா, அரத் தடமா?

விரிகூந்தல் டாலரின் (விரிந்த கூந்தலோடு சுதந்திர தேவியின் தலை பொறித்த 1794–95 அமெரிக்க வெள்ளி நாணயம்) முகத்தில் இணை இணையாகக் கோடுகள் ஓடினால் உடனே 'கீறல்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிலடெல்பியா நாணயச் சாலையில் ஒவ்வொரு வெள்ளி வில்லையும் (இன்னும் அச்சடிக்காத வட்டத் தகடு) 416 கிரெயின், அதாவது சுமார் 26.96 கிராம் இருக்க வேண்டும். கூடினால் அரத்தால் ராவிக் குறைத்தார்கள். குறைந்தால் சில வில்லைகளின் நடுவில் வெள்ளித் துண்டு செருகினார்கள்.

ராவியது அச்சடிப்பதற்கு முன்பு. அதனால் கோடுகள் அச்சின் அழுத்தத்தில் மழுங்கி, உலோகம் அச்சை முழுதாக நிரப்பாத ஓரத்திலும் நடுவிலும்தான் பெரும்பாலும் தங்கும். பின்னால் விழுந்த கீறலோ எழுத்தையும் கூந்தலையும் அறுத்துக்கொண்டு போகும். 10 மடங்கு உருப்பெருக்கியில் அதன் கரை பிசிறாகத் தெரியும்.

அடுத்து விளிம்பைப் பாருங்கள். 'ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்' என்று பதிந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வார்ப்புக் கோடு (அச்சடிக்காமல் வார்ப்பில் ஊற்றியதால் விழும் இணைப்புத் தடம்) சுற்றி ஓடினால் அது போலி.

1794 டாலரில் இடப்பக்க விண்மீன்கள் மங்கலாக இருப்பது வழக்கம்தான். அச்சுகள் ஒன்றுக்கொன்று சரியாக இணையாக அமையவில்லை. எந்திரமும் சிறு நாணயங்களுக்கானது. அவ்வாண்டு வெளியானவையே 1,758. அவற்றில் ஒன்று 2013இல் ஒரு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது.

தயவுசெய்து எதையும் துலக்காதீர்கள். போன மேற்பரப்பு திரும்பாது, விலையும்தான்.