ஆடு தின்ற புத்தகம்

அன்புள்ள ஐயா,

நான் எழுதிய நகைச்சுவைக் கதையை இணைத்திருக்கிறேன். கொஞ்சம் கிறுக்கான ஒருவன் தன் கூட்டுக்குடும்பத்தைப் பற்றித் தானே சொல்கிற கதை. வரிக்கு வரி ஜோக் இருந்தும் படித்தவர்கள் சிரிக்கவில்லை. தன்மையில் எழுதியது தவறா? முழுக்கப் பேச்சுத் தமிழில் மாற்றலாமா? எந்தப் பத்திரிகைக்கு அனுப்பலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பத்திரிகையை இப்போது மறந்துவிடுங்கள். தன்மையா படர்க்கையா என்பது உங்கள் வசதி. மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் ‘பாத்துமாவின் ஆடு’ நாவலை மறுபடி படித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அதில் கதைசொல்லி பஷீரேதான். ஊர் ஊராக அலைந்தவர், கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கலாமென்று கேரளத்தில் தன் சொந்த ஊரான தலயோலப்பறம்பு வீட்டுக்கு வருகிறார். அங்கே உம்மா, தம்பிகள், தங்கைகள், பிள்ளைகள், கோழிகள், போதாக்குறைக்குத் தங்கை பாத்துமாவின் ஆடு. ஆளாளுக்கு வந்து காசு கேட்கிறார்கள். தம்பி ஹனீபா எதற்கெடுத்தாலும் பட்டாளத்துக்கே போய்விடுவேன் என்கிறான்.

அந்த ஆடு அவர் எழுதிய ‘பால்யகால சகி’ புத்தகத்தைத் தின்கிறது. அப்புறம் ‘சப்தங்கள்’. பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். கம்பளிப் போர்வைக்கு வரும்போதுதான் பதறித் தடுக்கிறார். புத்தகத்துக்கு வேறு பிரதி உண்டு, போர்வைக்குக் கிடையாது. அவருக்கு அது நிஜமான கவலை. அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது.

இந்த இடத்தை என் பாட்டிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். பாட்டி சிரிக்கவில்லை. “அச்சு மையைத் தின்ன ஆடு குட்டிக்குப் பால் கொடுக்கலாமா?” என்று கேட்டாள். அந்த மனுஷன் சொன்னதை அவ்வளவு நம்பிவிட்டாள்!

1954-இல், மனநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தபோது பஷீர் எழுதிய நாவல் அது. திருத்தி எழுத நினைத்தார், முடியவில்லை. 1959-இல் அப்படியே வெளிவந்தது. அமைதி வேண்டும் என்று அவர் கேட்டது வெறும் கதைக்காக அல்ல.

உங்கள் ஆளுக்கு என்ன வேண்டும்? ஒன்றுமே வேண்டாம். அத்தை ‘ஃப்ரிட்ஜ்’ என்பதைத் தப்பாகச் சொல்கிறாள், கேலி செய்கிறான். தாத்தா பல்செட்டைத் தேடுகிறார், கேலி செய்கிறான். மூன்று வேளையும் அந்த அத்தை கையால் சாப்பிட்டுவிட்டு எங்கேயோ உயரத்தில் உட்கார்ந்து பேசுகிறவனோடு சேர்ந்து நான் எதற்குச் சிரிக்க வேண்டும்? எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் எறும்பு ஏறாமல் இருக்க, பல்செட் போட்ட டம்ளரைத் தாத்தா சாஸரால் மூடி வைக்கிறாரே, அது நீங்கள் பார்த்தது. பிரியம் இல்லாதவன் கண்ணில் அது படாது. அதற்கு அடுத்த வரியிலேயே ஒரு ஜோக்கை ஒட்டிக் கெடுத்திருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள்.

பேச்சுத் தமிழ் பற்றிக் கேட்டீர்கள். பஷீரின் எழுத்தைப் படித்துவிட்டு, பள்ளி வாத்தியாராக இருந்த தம்பி அப்துல் காதர் இலக்கணம் சரியில்லை என்கிறான். வீட்டில் பேசுகிற மாதிரி எழுதியதற்கு என்ன இலக்கணம் என்று அண்ணனுக்கு ஆத்திரம். அவ்வளவுதான் விஷயம்.

இப்படிச் செய்து பாருங்கள். உங்கள் ஆள் அந்த அத்தையிடம் ஐந்நூறு ரூபாய் கடன் கேட்க வேண்டியிருக்கட்டும், கேட்க வாய் வராமல் அடுப்படியிலேயே சுற்றட்டும். அவள் ஃப்ரிட்ஜை எப்படிச் சொன்னாலும் அப்போது திருத்த மாட்டான். எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.