கத்தரியும் விரலும்

அன்புள்ள ஐயா,

நான் ஹட்டன் பக்கம், பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கிறேன். பத்து லட்சம் எண்களை வரிசைப்படுத்த குவிக்சோர்ட் எழுதி ஆய்வுகூடத்துக் கிராஃபிக்ஸ் அட்டையில் ஓட்டினேன். என் மடிக்கணினியைவிட மெதுவாக ஓடியது. அட்டையில் ஆயிரக்கணக்கில் கோர் (கணக்குப் போடும் அலகு) இருந்தும் ஏன் இப்படி? எந்த அட்டை வாங்கலாம்? பைதான் போதுமா, சி பிளஸ் பிளஸ் படிக்கவா? கொழும்புப் பிள்ளைகளிடம் நல்ல மெஷின் இருக்கிறது, எங்களிடம்தான் இல்லை. நான் எழுதிய நிரலை (கோடு) இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள தம்பி,

மொழி எதுவானாலும் சரி, விடுங்கள். கொழும்புக்காரர்களின் மெஷினிலும் உங்கள் கோடு இப்படித்தான் நொண்டும். தோட்டத்துப் பிள்ளை என்ற குறையை இதில் கொண்டுவந்து ஏற்றாதீர்கள், எனக்குக் கோபம் வருகிறது.

போன கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மலைக்குத் தேயிலை பறிக்கப் போவதை விட்டு எத்தனையோ வருஷமாகிறது. ஆனாலும் கீரை ஆயும்போது விரல் கொழுந்து கிள்ளுகிற மாதிரியேதான் போகிறது. ஒவ்வொரு கிளையிலும் இது கொழுந்தா, முற்றிய இலையா என்று விரலே பார்த்து முடிவெடுக்கும். ஒருமுறை அவளுடைய தோட்டத்தில் பறிக்கிற கத்தரி கொடுத்தார்கள். கத்தரி ஒன்றையும் பார்க்காது, ஒரே வீச்சில் எல்லாவற்றையும் வெட்டும். மேடும் பள்ளமுமாக நின்ற செடிகளில் அதைப் போட்டதில் முற்றிய இலையும் குச்சியும்தான் கூடையில் விழுந்தன. நிறையில் கழித்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டார்கள். பழி அவள் தலையில். செடியைக் கவ்வாத்து வெட்டி மேல்மட்டம் சமமாக்காமல் கத்தரி கொடுத்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

உங்கள் அட்டை அந்தக் கத்தரி. என்விடியா அட்டையில் 32 இழை (thread, ஒவ்வொன்றும் ஒரு வேலையாள் மாதிரி) ஒரு கட்டு, கட்டு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே கட்டளையைத்தான் செய்யும். சில இழை இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம் என்று பிரிந்தால் ஒரு பக்கம் வேலை செய்ய மறுபக்கம் சும்மா நிற்கும். குவிக்சோர்ட்டோ ஒரு எண்ணை எடுத்து, மற்றவை அதைவிடச் சிறியதா பெரியதா என்று எண்ணுக்கு எண் பார்த்துப் பிரிக்கிற விரல் வேலை. போதாததற்கு, உங்கள் கோடில் முதல் சுற்றில் பத்து லட்சத்தையும் ஒரே ஒரு இழை பிரிக்கிறது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒரு தராசு, வாசலில் நூறு கூடை!

1968இல் கணினி அறிஞர் கென் பாட்சர் எழுதிய பைட்டோனிக் சோர்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையைப் பாருங்கள். எதை எதோடு ஒப்பிடுவது என்பது அதில் முன்கூட்டியே முடிவானது, எண்கள் என்னவாக இருந்தாலும் மாறாது. உங்கள் அளவுக்கு 210 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 5 லட்சம் ஒப்பீடு, ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியதில்லை. மொத்தம் 10 கோடிக்கு மேல். குவிக்சோர்ட்டுக்கு 3 கோடிகூட ஆகாது. தாளில் கணக்குப் போட்டால் பைட்டோனிக் தோற்றுவிடும். தாளில் கத்தரி கிடையாதே தம்பி! கூடுதலாக வேலை செய்கிற வழிதான் அந்த அட்டைக்கு ஏற்ற சமமான செடி. உங்கள் மடிக்கணினியின் கோர்கள் தனித்தனியாக முடிவெடுக்கும், அவற்றுக்குக் குவிக்சோர்ட்டே சரி. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? அல்கோரிதத்தை ஒரு கையிலும் இயந்திரத்தை மறுகையிலும் தனித்தனியாக வைத்துப் படித்தால் இப்படித்தான்.

அட்டை கேட்டீர்கள் இல்லையா? ஒன்றும் வாங்க வேண்டாம். ஆய்வுகூடத்து அட்டையிலேயே இதை ஓட்டி, எத்தனை மில்லிசெக்கன் என்று எழுதுங்கள். அக்காவிடம் கத்தரிக் கதையோடு உங்கள் கதையையும் சொல்லிவிட்டேன். அந்தப் பையனுக்கும் அரைப்பேர்தானா என்று கேட்கிறாள்.